அந்த ரெக்கார்டு நோட்டு என்னுடையதில்லை

சென்ற மாதம் நான் நம் பழைய வீடியோ கேம் குழுவில் போட்ட நோட்டுப் படங்களை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி யார் துணையும் இல்லாமல் ஜப்பானிய எழுத்துகளுக்குப் பொருள் கண்டுபிடித்து விளையாடியிருக்கிறாளே என்று பாராட்டினீர்கள். நம் வயதுக்காரர் ஒருவர், "நாங்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கிய காலத்தில் இவர் அகராதியே போட்டிருக்கிறார்" என்று எழுதினார். அந்த வரியை நான் எத்தனை முறை எடுத்துப் படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த நோட்டு என்னுடையதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பழைய விளையாட்டை அச்சுப் பிசகாமல் அப்படியே புதிதாகச் செய்து வெளியிட்டிருக்கிறார்கள்; படகுத்துறைப் பாட்டு மட்டும் கொஞ்சம் வேகமாகிவிட்டதா இல்லையா என்று நீங்கள் மூன்று நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதை நிறுத்தச் சொல்லவில்லை. நடுவில் இதையும் படியுங்கள்.

எங்கள் வீடு துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. சித்தப்பா நூற்பாலை இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர். கம்பெனியில் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது அண்ணனுக்கென்று அந்த விளையாட்டுப் பெட்டியையும், கடைக்காரன் நல்லது என்று கொடுத்த ஒரு விளையாட்டையும் வாங்கி வந்தார். மூன்று வட்டுகள், ஓர் அட்டைப் பெட்டி, அட்டையில் படகின் மேல் நிற்கும் ஒரு பையன். அந்த ஊர் மின்சாரம் நூறு வோல்ட்டாம். அதற்காகச் சித்தப்பாவே ஓர் இரும்பு டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுத்தார். அது வண்டு போல இரைந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் தோசைக்கல் மாதிரி சுடும். வார்னிஷ் காய்கிற வாசனை அடிக்கும். இன்றைக்கும் எங்காவது மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையைத் தாண்டினால் எனக்கு அந்தப் பாட்டு காதில் கேட்கிறது.

அண்ணன் இரண்டு நாள் பார்த்தான். திரை முழுக்க எழுத்து. "ஒரே பேச்சா பேசுதுங்க, ஒண்ணும் வெளங்கல" என்று தூக்கிப் போட்டுவிட்டு, டவுனில் யாரிடமோ கார் பந்தய வட்டு ஒன்றை வாங்கி வந்து அதிலேயே மூழ்கிவிட்டான். பகலெல்லாம் அவன் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவான். நான் ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். அந்த நேரமெல்லாம் படகுக்காரப் பையன் எனக்கு.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட ஓட்டு வீடு இருந்தது. அதில் ஒரு குடும்பம் குடியிருந்தது. அந்த வீட்டுக்காரர் கணபதி பகுதியில் இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்றில் மோல்டிங் வேலை செய்தார். அவரைப் பெற்றவர்கள் அன்னூரில் எங்கள் தாத்தா தோட்டத்தில் பண்ணைய வேலைக்கு இருந்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் அப்பா அவர்களுக்கு வீடு கொடுத்திருந்தார். அவரும் பழைய வழக்கம் மாறாமல் அப்பாவைப் 'பண்ணாடி' என்றே கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போவார். மற்ற நாளெல்லாம் அவர் கழுத்து மடிப்பில் கரிமண் இருக்கும்.

அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். "எதுக்கு அக்கான்னு கூப்படறே, பேரச் சொல்லிக் கூப்புடு" என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

நல்ல தண்ணீர்க் குழாய் எங்கள் முன்வாசலில்தான். தண்ணீர் விடுகிற நாளில் அக்கா குடத்தோடு வருவாள். குடம் நிறைகிற வரைக்கும் ஜன்னல் வழியாகத் திரையைப் பார்ப்பாள். ஒருநாள் நான் ஆட்டத்தில் ஒரே சந்தைக்குள் நாலாவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"அம்மணி, அந்தக் கெழவி உன்னய மீன் கொண்டாரச் சொல்லுதுன்னு நெனைக்கறேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மீன்கடைப் பலகையில ஒரு எழுத்து எழுதியிருக்குது பாரு. அதே எழுத்து அந்தக் கெழவி பேச்சுல மூணு வாட்டி வந்துச்சு."

மீன் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழவி சிரித்தாள். மூன்று நாளாகத் திறக்காத கதவு திறந்தது. ஜன்னலுக்கு வெளியே குடம் நிரம்பி வழிந்தது.

அதற்கப்புறம் மத்தியானங்களில் அக்கா உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தாள். எனக்குக் கணக்கும் சொல்லிக் கொடுப்பாள் என்பதால் அம்மா ஒப்புக்கொண்டாள். நான் சோபாவில் உட்காருவேன். அவள் மொசைக் தரையில், நிலைக்கதவுக்குப் பக்கத்தில் உட்காருவாள். மேலே வாருங்கள் என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அங்கிருந்து திரை சரியாகத் தெரியாததால் அடிக்கடி முட்டிபோட்டு எக்கிப் பார்ப்பாள்.

அவளிடம் வேதியியல் ரெக்கார்டு நோட்டு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் கோடு போட்ட தாள், ஒரு பக்கம் வெறுந்தாள். முதல் பத்துப் பதினைந்து பக்கத்தில் பள்ளிக்கூடத்து உப்புப் பரிசோதனைகள். மீதியில் இது. வெறுந்தாளில் அந்த எழுத்தைப் பெரிதாக வரைவாள். எதிரே கோடு போட்ட பக்கத்தில் எங்கே பார்த்தது, யார் பேசியது, எத்தனை முறை வந்தது என்று எழுதுவாள். யூகத்தைப் பென்சிலில் எழுதுவாள். உறுதியானால் நீல மையில். 'தீ', 'தண்ணி', 'ஆமா', 'இல்ல', 'விக்க', 'வாங்க'. ஒரு யூகம் தப்பானாலும் அதை அழிக்க மாட்டாள், ஓரமாக 'இது இல்லை' என்று எழுதி வைப்பாள். ஆட்டத்தை நடத்தும் கைப்பிடி எப்போதும் என்னிடம்தான் இருந்தது. "நீங்க வெளையாடுங்க அக்கா" என்று கொடுத்தது மொத்தத்தில் நாலைந்து முறை இருக்கும். அதுவும் சண்டை வராத இடமாகப் பார்த்து.

பெயர்களையும் எங்களால் படிக்க முடியாது. அதனால் நாங்களே வைத்தோம். பேசாத படகுக்காரன் 'ஊமையன்'. சிவப்பு முடிக்காரி 'செம்பட்டை'. ஈட்டி பிடித்த தடியன் 'தொப்பை மாமா'. ஆட்டத்தைச் சேமிக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு நிற்குமே, அது 'கொக்கக்கா'. நீங்கள் அவர்களின் சரியான பெயர்களைச் சொல்லிப் பேசும்போது, எனக்கு ஒரு கணம் யாரைச் சொல்கிறீர்கள் என்று பிடிபடுவதில்லை.

ஒரு பக்கத்தில் மட்டும் ஓர் எழுத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். "இது அழிக்கறது. இதத் தொட்டே, உள்ள இருக்கறத மொத்தமும் அழிச்சுப்போடும். தெரியாமக்கூடத் தொடாதே அம்மணி."

ஆட்டத்தைச் சேமிக்கிற மெமரி கார்டு எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. தீப்பெட்டி அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதில் பாதிக்கு மேல் அண்ணனின் கார் பந்தயம். ஆறு மாதமாக ஒவ்வொரு காராக ஜெயித்து வைத்திருந்தான்.

மே மாதக் கடைசியில் அக்கா வீட்டில் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் அன்னூருக்குப் போனார்கள். போவதற்கு முன் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள். "பனி ஊருக்கு நான் வந்தொடனே போலாம். தனியாப் போயிராதே. செரியா?"

"செரிங்க்கா."

ஒரு நாள் பொறுத்தேன். இரண்டாம் நாள் போய்விட்டேன். அந்தப் பனி ஊரை நான் தனியாகப் பார்த்தேன். கூரைகளின் மேல் வெள்ளை, புகைபோக்கியில் புகை, நடக்கும்போது சரக் சரக்கென்று ஒரு சத்தம். வெளியே தார் ரோடு இளகிக்கொண்டிருந்த மத்தியானம். கொக்கக்காவிடம் போனேன். கார்டில் இடமில்லை என்று திரை சொன்னது. டிரான்ஸ்பார்மர் சூடேறி வாசனை அடித்துக்கொண்டிருந்தது. எந்த நேரமும் மின்சாரம் போய்விடும் என்று பயம். நோட்டு என்னிடம் இல்லை. ஆனால் சிவப்பு வட்டத்துக்குள் இருந்த எழுத்து எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தெரியாமல் தொடவில்லை. தெரிந்துதான் தொட்டேன். அண்ணனின் கார்கள் எல்லாம் ஒரு நொடியில் போய்விட்டன.

அப்புறம்தான் அண்ணன் வந்து தேடுவானே என்று உறைத்தது. கார்டைப் பிடுங்கி அம்மாவின் தையல் மெஷின் இழுப்பறையில், உடைந்த பித்தான்களுக்கும் பாபின்களுக்கும் அடியில் தள்ளிவிட்டேன். கார்டே இல்லையென்றால் அழிந்தது தெரியாது அல்லவா? என் பன்னிரண்டு வயது மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

அன்று சாயங்காலம் மின்சாரம் போய்விட்டதால் அண்ணன் பெட்டியைத் தொடவில்லை. மறுநாள் மத்தியானம் அக்கா கல்யாணத்துப் பூவைத் தலையிலிருந்து எடுக்காமலே ஓடி வந்தாள். கார்டு எங்கே என்று கேட்டாள். "அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்றேன். அவள் முகம் வாடியது. "செரி, வரட்டும்" என்று சொல்லி, எனக்குப் பின்னக் கணக்கு இரண்டு போட்டுக் காட்டிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அண்ணன் வந்து தேடினான். கத்தினான். அம்மா கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்கு ஊட்டுக்குள்ள யாரு வந்தது?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அப்பா பின்வீட்டுக்கு ஆள் விடவில்லை. தானே கொல்லைக் கதவைத் திறந்து நின்று, சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். அக்காவின் அப்பா அப்போதுதான் வேலை விட்டு வந்திருந்தார். செருப்பைக் கொல்லைப் படிக்குக் கீழே கழற்றிப் போட்டுவிட்டு மண் தரையில் நின்றார். அக்கா அவருக்குப் பின்னால் நின்றாள்.

"தப்பா நெனச்சுக்காதப்பா. பையனோட சாமான் ஒண்ணு காணம். பாப்பா தெரியாம எடுத்துட்டுப் போயிருந்தாக் குடுத்துரச் சொல்லு. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்றார் அப்பா.

"எம்புள்ள எடுக்கறவ இல்லீங்க பண்ணாடி."

"எடுத்தான்னு நான் சொல்லலியே."

அவர் திரும்பிப் போய் அக்காவின் பள்ளிக்கூடப் பையை எடுத்து வந்தார். எங்கள் எல்லோர் முன்னாலும் தலைகீழாகப் பிடித்து உதறினார். பேனா, ஜாமிதி டப்பா, ரப்பர் பேண்டு, சர்ச்சில் கொடுத்த சின்னப் படம் ஒன்று, மடித்த கைக்குட்டை. கடைசியாக ரெக்கார்டு நோட்டு விழுந்து விரிந்தது. அண்ணன் குனிந்து பார்த்தான்.

"அம்மா, இது நம்ம கேமோட எழுத்து! பாருங்க, எல்லாத்தையும் எடுத்துக் காப்பியடிச்சு வெச்சிருக்குது."

அம்மா நோட்டை எடுத்துப் புரட்டினாள். அவளுக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் எங்கள் பொருள் ஏதோ அந்தப் பைக்குள் இருந்தது என்பது மட்டும் அவளுக்குப் போதுமாக இருந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "செரி, போச்சாது, போங்க" என்றாள், பெரிய மனதோடு மன்னிக்கிறவளைப் போல.

அப்போது அக்கா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு முறை. அண்ணன் எடுத்துப் போனதாக மத்தியானம் நான் சொன்னதை அவள் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குனிந்து பேனாவையும் ஜாமிதி டப்பாவையும் பொறுக்கினாள். அவளுடைய அப்பாவும் பொறுக்கினார். நான் கதவுக்குப் பின்னால் இருந்த தையல் மெஷினில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

பத்து நாளில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். பரீட்சை முடிவு வந்தபோது அவள் அங்கே இல்லை. எத்தனை மார்க் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மா இழுப்பறையைக் கவிழ்த்தாள். பித்தான்களோடு கார்டும் விழுந்தது. "அட, இங்கியே கெடந்திருக்குதே!" என்றாள். அப்பா ஏணிமேல் நின்றபடியே திரும்பிப் பார்த்தார். "போன கதைய இப்பப் பேசி என்ன பண்றது, விடு" என்றார். அது எப்படி அங்கே போனது என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து பொங்கல் சாப்பிட்டோம்.

நோட்டு மட்டும் எப்படியோ என்னுடனே வந்தது. கல்லூரி விடுதிக்கு, கல்யாணமாகிப் போன வீட்டுக்கு. தூக்கிப் போட முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை.

இந்தக் குழுவில் சேர்ந்தபோது ஒருவர், "நீங்க நெஜமாவே அந்தக் காலத்துல வெளையாடுனீங்களா, இல்ல வீட்டுக்காரர் வெளையாடுனதா?" என்று கேட்டது நினைவிருக்கும். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அந்தக் கோபத்தில்தான் நோட்டை எடுத்தேன். கோபத்தில் செய்தது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அட்டையில் அக்காவின் பெயர் எழுதிய லேபிளை ஈரத் துணி வைத்து ஊறவிட்டு, நகத்தால் சுரண்டி எடுத்தேன். உப்புப் பரிசோதனைப் பக்கங்களை விலக்கிவிட்டுப் படம் எடுத்தேன். அதற்கெல்லாம் ஒரு மணி நேரம் ஆனது. ஒரு மணி நேரமும் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் காந்திபுரத்துக் காபிக் கடையில் நாம் சந்தித்தோம். நோட்டு கைக்குக் கை போனது. நம் குழுவில் ஜப்பானிய மொழி படித்த தம்பி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து வியந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். "அக்கா, இந்த எழுத்துக்கு 'வடக்கு'ன்னு சரியாப் போட்டிருக்கீங்க. மூணாவது வட்டு வரைக்கும் வடக்குன்னு ஒரு குறிப்பும் கெடையாதே? எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. அந்த மத்தியானம் நான் ஊமையனை நடத்திக்கொண்டிருந்தேன். யோசித்தது தரையில் உட்கார்ந்திருந்தவள். "மறந்துபோச்சுங்க தம்பி" என்றேன். காபி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு, தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னூருக்குப் போய் அவர்களுடைய சொந்த ஊர்ச் சர்ச்சில் விசாரித்தேன். பாட்டுக் குழுவில் இருந்த ஓர் அம்மா போன் நம்பர் கொடுத்தார். அக்கா பெருந்துறையில் இருந்தாள். ஏற்றுமதித் துணி ஆலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவு முழுக்க அவள் பொறுப்பில். யாரென்று சொன்னதும், துடியலூரா என்று கேட்டாள். பிறகு, "வாங்க. ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிச்சு ஊட்டுலதான் இருப்பேன்" என்றாள். 'வாங்க' என்றாள். 'அம்மணி' என்று சொல்லவில்லை.

சோபாவில் உட்காரச் சொன்னாள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். காதோரம் நரைத்திருந்தது. நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். கார்டை அழித்தது, ஒளித்து வைத்தது, பொய் சொன்னது, லேபிளைச் சுரண்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்துப் போயிருந்தேன். அழுதேன்.

அவள் நோட்டைப் புரட்டினாள். "எங்கையெழுத்து அப்ப நல்லாத்தான் இருந்திருக்குது" என்றாள். வடக்கு எப்படி என்று கேட்டேன். பார்த்தாள். "ஞாபகம் இல்லீங்க. இதெல்லாம் எழுதுனனான்னே மறந்துபோச்சு."

"நீங்க ஏங்க்கா அன்னைக்குச் சொல்லல? அண்ணன் எடுத்துட்டுப் போனான்னு நான்தானே சொன்னேன்?"

"சொல்லியிருந்தா? உங்கம்மா உங்களை நம்புவாங்களா, என்னைய நம்புவாங்களா?"

அவள் குரலில் கோபமில்லை. துணியில் ஒரு பிசிறைக் காட்டுகிற மாதிரி சொன்னாள். பிறகு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"நோட்டு போனதெல்லாம் பெருசில்லீங்க. எங்கப்பா போய்ச் சேந்து நாலு வருசம் ஆச்சு. கடைசியில படுக்கையில கெடந்தாரு. ஒருநா நான் கஞ்சி குடுத்துட்டு இருந்தேன். என்ற கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாரு. 'கண்ணு, நெசமாலுமே அன்னைக்கு நீ அத எடுக்கலியா?' அப்படீன்னு."

அக்கா நோட்டின் அட்டையில் லேபிள் இருந்த இடத்தை விரலால் தடவினாள்.

"எடுக்கறவ இல்லீங்கன்னு அத்தன பேரு முன்னால சொன்ன மனுசன். அவருக்கே உள்ளுக்குள்ள அத்தன வருசமும் இருந்திருக்குது. 'இல்லீங்கப்பா'ன்னேன். தலைய ஆட்டுனாரு. நம்புனாரா என்னன்னு எனக்குத் தெரியல."

வெளியே அவளுடைய மகள் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழுவில் உண்மையை எழுதட்டுமா, உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"என்ற பேரு வேண்டாம். எழுதறதுன்னா எங்கப்பா சொன்னது நெசம்னு எழுதுங்க."

அவர் சொன்னது உண்மை. அவர் மகள் எதையும் எடுக்கவில்லை. எடுத்தது நான்.